செங்கம்மா பிடித்த பால் பாட்டில்

எங்கள் இல்லத்தில் பன்னிரண்டு கைக்குழந்தைகள். ஒரு ஷிப்டுக்கு மூன்று ஆயாக்கள். யாரோ விட்டுப்போன பிள்ளைகளை, தத்து எடுக்க ஒரு குடும்பம் வரும்வரை சித்தூரில் வைத்து வளர்க்கும் இடம். நான் அங்கே நர்ஸ். பால் நேரத்தில் வந்து பாருங்கள், பன்னிரண்டு வாயும் ஒன்றாகத் திறக்கும். இருப்பதோ ஆறு கை, அதிலும் இரண்டு துணி மாற்றிக்கொண்டிருக்கும். அதனால் வீட்டுக் குழந்தைகள் எட்டு, ஒன்பது மாதத்தில் செய்வதை எங்கள் பிள்ளைகள் ஆறிலேயே செய்துவிடும்; பாட்டிலைத் தானே பிடித்துக் குடிக்கும். பார்க்க வருகிறவர்கள் எவ்வளவு சமர்த்து என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சமர்த்தாவது ஒன்றாவது, பிடிக்க ஆளில்லை.

அப்படிப் பழக்குவதில் செங்கம்மாவை மிஞ்ச முடியாது. நகரிக்குப் பக்கத்து ஊர்க்காரி, நாற்பத்தெட்டு வயது. குழந்தையின் கைகளைப் பாட்டிலில் வைத்து, மேலே தன் கையை வைத்து, நாளுக்கு நாள் பிடியைத் தளர்த்திக்கொண்டே வருவாள். பத்து நாளில் பிள்ளை தானாகக் குடிக்கும்.

தேன்மொழி விஷயத்தில் மட்டும் அவளுக்கு மனசு வரவில்லை. பிறந்து பன்னிரண்டு நாளில் எங்களிடம் வந்தவள். பெயர்கூட நாங்கள் வைத்ததுதான். செங்கம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டுதான் பால் கொடுப்பாள். குழந்தை பாட்டிலைத் தொடப் போனால் அந்தக் கையை விலக்கித் தன் விரலைக் கொடுப்பாள். அதுவும் விரலைப் பிடித்துக்கொண்டு குடிக்கும். மற்ற ஷிப்டு ஆயாக்களையும் கெஞ்சி அப்படியே கொடுக்க வைத்திருந்தாள்.

“இன்னா செங்கம்மா, மகாராணிக்கு மட்டும் தனி கவனிப்பு?” என்று கிண்டல் செய்தேன்.

“என் புள்ளைங்க மூணும் கரும்புக் கொல்லை ஓரத்துல, மரத்துல கட்டின ஏணையில கெடந்து வளந்துச்சுங்க நர்ஸம்மா. நான் கூலிக்குப் போய்க்கினு இருந்தேன். ஒண்ணையாவது குடிச்சி முடிக்கிற வரைக்கும் மடியில வெச்சிக்கினு குந்தினது இல்ல. இவளுக்காவது செய்யிறேன், வுடு” என்றாள்.

விட்டேன். விட்டதுதான் தப்பு.

பத்து மாதமானபோது தேன்மொழிக்கு ஒரு குடும்பம் அமைந்தது. சம்பத்குமார், வஸுமதி, திருப்பதியில் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். நாலு வருஷமாகக் காத்திருந்தவர்கள். தத்துக்கு முன்னால் மருத்துவ அறிக்கை வேண்டும். டாக்டர் வந்த அன்று செங்கம்மாவுக்கு விடுப்பு. அவர் பாட்டிலைத் தேன்மொழி கையில் கொடுத்தார். நழுவி விழுந்தது. மறுபடி கொடுத்தார். அவள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள், பிறகு அழுதாள். பிஸ்கட்டையும் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அதையும் செங்கம்மா குழைத்துத்தான் ஊட்டுவாள். ‘கைப் பயன்பாட்டில் வளர்ச்சித் தாமதம் இருக்கலாம்’ என்று எழுதிவிட்டார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆயா ஊட்டியே பழகிய குழந்தை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த தொட்டிலில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல், கவனமெல்லாம் அங்கே இருந்தது. வேண்டாத இடத்திலெல்லாம் பேசுகிற பாழாய்ப்போன வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது.

அவர்கள் வந்தார்கள். வஸுமதி தேன்மொழியைத் தூக்கியவள் அரைமணி நேரம் கீழே விடவில்லை. சம்பத்குமார் அறிக்கையை இரண்டு முறை படித்தார். மறுநாள் போன் செய்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்கோ. எங்க ரெண்டு பேருக்கும் வயசாயிண்டிருக்கு. எங்களுக்கப்புறம் குழந்தையை யார் பாத்துப்பா? வஸுமதி நேத்திலேர்ந்து அழுதுண்டே இருக்கா. எங்களால முடியாதும்மா.”

அவர்மேல் கோபப்பட எனக்கென்ன யோக்கியதை?

செங்கம்மாவிடம் சொன்னேன். “அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் இல்ல நர்ஸம்மா. நான்தான் புடிக்க வுடல. போன் போட்டு சொல்லு. ஒரு வாரம் டைம் கேளு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போன் செய்தேன். பிள்ளையை எப்படியாவது தள்ளிவிடப் பார்க்கிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, “டாக்டர் எழுதினதை நீங்க மாத்திச் சொன்னா எப்படிம்மா?” என்று வைத்துவிட்டார்.

அன்றைக்கே செங்கம்மா தேன்மொழியை மடியிலிருந்து இறக்கிப் பாயில் விட்டாள். கையில் பாட்டிலை வைத்தாள். குழந்தை அதைத் தள்ளிவிட்டுத் தவழ்ந்து வந்து அவள் புடவையைப் பிடித்து மடியில் ஏறப் பார்த்தது. திரும்பவும் பாயில் விட்டாள். “புடிச்சிக்கோ கண்ணு, புடிச்சிக்கோடி” என்று கெஞ்சினாள். இரண்டு பேரும் அழுதார்கள். அவள் தூக்கவில்லை. ஒன்பதாம் நாள் தேன்மொழி இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

அடுத்த மாதம் டாக்டர் வந்து புது அறிக்கை எழுதினார். பழையதை எடுக்க முடியாதாம், இரண்டும் சேர்ந்தே இருக்குமாம். அதற்குள் வஸுமதிக்கு வேறு ஊரில் ஒரு குழந்தை அமைந்துவிட்டது. பின்னால் வந்த இரண்டு குடும்பமும் இரண்டு அறிக்கையையும் புரட்டிப் பார்த்து, எதற்கு வம்பு என்று விலகிக்கொண்டன. தேன்மொழிக்கு ஒரு வயது தாண்டி நாலு மாதம் ஆகிவிட்டது.

இரண்டாவது குடும்பமும் போன அன்று செங்கம்மா துணி துவைக்கும் வேலைக்கு மாற்றிக் கேட்டாள். “இந்நேரம் ஒரு தாய் மடியில இருக்க வேண்டியவ. நான் என் மடியில வெச்சிக்கினு கெடுத்துட்டேன்” என்றாள். என் தப்பையும் சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாறிப்போன முதல் நாள் பால் வேளை முடிந்ததும் பின்பக்கம் போனேன். நுரைக் கையோடு எழுந்து நின்றாள்.

“என்னைத் தேடினாளா நர்ஸம்மா?”

தேன்மொழி தேடவில்லை. பாலைக் குடித்தாள், காலி பாட்டிலை ஓரமாக வைத்தாள், திரும்பிப் படுத்துக்கொண்டாள். பொய் சொல்லலாமா என்று யோசித்தேன், முடியவில்லை.

“இல்ல செங்கம்மா” என்றேன்.

“நல்லது” என்றாள். பிறகு துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.