நிறைந்த இன்பாக்ஸும் பாதிப் புளிக்காய்ச்சலும்

போன வெள்ளிக்கிழமை என் மகளுக்கு வளைகாப்பு. பீர்க்கன்கரணையில், எங்கள் வீட்டில்தான். மதியம் மாடம்பாக்கத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். கலந்த சாதம் என் பொறுப்பு.

எலுமிச்சை சாதம் தயார். தேங்காய் சாதம் தயார். புளிக்காய்ச்சல் பாதி கொதிக்கும்போது அடுப்பு அணைந்தது.

காஸ் தீர்ந்துவிட்டது.

பதறவில்லை. ஏற்கெனவே புக் செய்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் காஸ் போடும் தம்பி சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்து வாசலில் இறக்கினார்.

“அக்கா, மெசேஜ்ல நம்பர் வந்துருக்கும். சொல்லு.”

என் பட்டன் போனைப் பார்த்தேன். “வரலையேப்பா.”

“இரு, இன்னொரு வாட்டி அனுப்பறேன்... இப்போ?”

“இல்ல.”

“அப்போ நான் இன்னா பண்றது? நம்பர் இல்லாம குடுத்தா என் வேலை பூடும். எடுத்துகினு போறேன். நாளைக்கு வரேன்.”

நாளைக்கா? சம்பந்திக்குப் பாதிப் புளிக்காய்ச்சலையா பரிமாறுவது?

பக்கத்து வீட்டு வசந்தா மேடம் எட்டிப் பார்த்தார். “இன்னுமா அந்த டப்பா போனை வச்சிருக்கீங்க? டச் போன் வாங்குங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது!”

போனையே பார்த்தேன். திரையின் மேல் ஓரத்தில் ஒரு சின்னக் கவர் படம் மின்னியது. பல நாளாகவே மின்னுகிறது. ஏதோ மெசேஜ் வந்துகொண்டிருக்கிறது, வரட்டும் என்று இருந்தேன். அன்றைக்குத்தான் உள்ளே போய்ப் படித்தேன்.

‘இடம் இல்லை. பழையவற்றை நீக்கவும்.’

அட... மெசேஜும் வாசலில்தான் நிற்கிறது!

ஒன்றை அழித்தேன். உடனே டிங். ஆசையாகத் திறந்தால் ரீசார்ஜ் விளம்பரம். அதை அழித்தேன். டிங். லோன் வேண்டுமா என்று ஒருத்தன். வரிசையில் எத்தனை பேர்தான் நிற்கிறார்கள்?

தம்பி சிலிண்டரில் கை வைத்துவிட்டார். “லேட் ஆவுது அக்கா. இன்னும் நெறைய வூடு கீது.”

“ஒரு நிமிஷம் நில்லு.”

‘எல்லாவற்றையும் நீக்கு’ என்று ஒன்று இருந்தது. அமுக்கினேன். ‘உறுதியா?’ என்று கேட்டது.

உறுதி!

டிங். டிங். டிங். டிங். விளம்பரம், விளம்பரம், விளம்பரம்... நம்பர்!

லாட்டரியில் பரிசு விழுந்த மாதிரி உரக்கப் படித்தேன். தம்பி சிரித்தார். “சூப்பர்க்கா. தள்ளு, நானே மாட்டிக் குடுக்கறேன்.”

அடுப்பு எரிந்தது. சம்பந்தி அம்மா புளிசாதம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பந்தி முடிந்ததும் செட்டிங்ஸ் பக்கம் போனேன். மெசேஜ் எல்லாம் சிம் கார்டில் சேரும்படி இருந்தது. தீப்பெட்டி அளவு இடம். போனிலேயே சேரும்படி மாற்றினேன். யாரையும் கேட்கவில்லை. உங்கள் போனிலும் கவர் மின்னுகிறதா? மெசேஜ் வந்திருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள். உள்ளே போய்ப் பாருங்கள்.

மகளின் வளையல் கைகளைப் போட்டோ எடுக்க வசந்தா மேடம் டச் போனை நீட்டினார். போன் எடுக்கவில்லை. “ஐயோ, ஸ்டோரேஜ் ஃபுல்லுங்குதே!”

நான் கையை நீட்டினேன். “குடுங்க மேடம், எல்லாத்தையும் அழிச்சித் தரேன்.”

அவர் கொடுக்கவில்லை.