பக்கத்தில் நின்று பேசாமலிருக்கும் வேலை

என் மகள் நெதர்லாந்தில் டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுதி முடித்துவிட்டு, வாய்மொழித் தேர்வுக்கு முன் ஒரு மாதம் எங்கள் குகட்பள்ளி வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த மறுநாள் காலை நான் ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, "அம்மா, நுவ்வு நா பக்கன நிலபடதாவா?" என்று கேட்டாள். பக்கத்தில் வந்து நிற்பாயா என்று கேட்கிறாள். அவளுக்குத் தமிழ் முழுக்கப் புரியும். பதில்தான் தெலுங்கில் வரும், அல்லது இங்கிலீஷில். எங்கள் காலனியில் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான்.

எங்கே நிற்பது, எதற்கு நிற்பது என்று விசாரித்தேன். அந்த நாட்டில் டாக்டர் பட்டத் தேர்வு மூடிய அறைக்குள் நடப்பதில்லையாம். பெரிய மண்டபம், அங்கி போட்ட பேராசிரியர்கள், சொந்தபந்தம், நண்பர்கள். தேர்வுக்கு நிற்கிறவருக்குத் துணையாக இரண்டு பேர் நிற்க வேண்டும். கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் நிற்பதுபோல. முக்கால் மணி நேரம் கேள்வி நடக்கும். நேரம் முடிந்ததும் சேவகர் ஒருவர் கோலோடு உள்ளே வந்து, தரையில் தட்டி, நேரமாயிற்று என்று லத்தீனில் சொல்வார். பாதி வாக்கியத்தில் இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பழைய காலத்தில், மாணவர் திணறினால் தோழர்களே பதில் சொல்லலாம் என்று இருந்ததாம்.

இவ்வளவு சொன்னாளே, எனக்கு அந்தக் கடைசி விஷயம்தான் காதில் ஏறியது. அன்றைக்கே அவளுடைய ஆய்வேட்டை கம்பெனிக்கு எடுத்துப் போய் சாப்பாட்டு நேரத்தில் படிக்க ஆரம்பித்துவிட்டேன். சதுப்பு நிலத்தில் தண்ணீரை வடித்தால் தரை ஏன் அமிழ்ந்துபோகிறது என்பதுதான் விஷயம். மாத்திரைகளின் தரம் பார்க்கிறவளுக்குச் சதுப்பு நிலம் என்ன தெரியும்? பாதி புரியவில்லை. புரிந்த மீதிப் பாதியை மனப்பாடம் செய்தேன். என் பிள்ளை திணறினால் நான் இருக்கிறேன் என்று எனக்குள்ளே ஒரே பெருமை.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் ஒத்திகை வைத்தோம். என் கணவர் பேராசிரியராகச் சோபாவில் உட்கார்ந்தார். சேவகரும் அவரேதான், கோலுக்குப் பதில் ஒட்டடைக் கம்பு. முதல் கேள்வியை அவர் பேப்பரைப் பார்த்துத் திக்கித் திணறிப் படித்தார். மகள் தலையைக் குனிந்து யோசித்தாள். நான் பதில் சொல்லிவிட்டேன்.

"அம்மா, ஆகு" என்றாள். நிறுத்து என்று அர்த்தம். இரண்டாவது கேள்விக்கும் எனக்கு வாய் முந்திக்கொண்டது. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"சின்னப்பட்டி நுஞ்சி எவரு அடிகினா நுவ்வே செப்தாவு அம்மா" என்றாள். சின்ன வயதிலிருந்து யார் எதைக் கேட்டாலும் நான்தான் பதில் சொல்வேனாம், எந்த கிளாஸ் என்று கேட்டாலும் நான், பசிக்கிறதா என்று கேட்டாலும் நான். "ஐ வாஸ் ஆல்வேஸ் அபௌட் டு சே இட்." அவள் சொல்ல வாயெடுக்கும்போதே நான் முந்திக்கொள்வேனாம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊமை மாதிரி நிற்கிறதே என்று நாலு பேர் பேசிவிடக் கூடாது என்றுதானே சொன்னேன்? இந்த ஊர் கோச்சிங் சென்டர்களில் கேள்வி முடிவதற்குள் கை தூக்குகிற பிள்ளைக்குத்தான் மரியாதை. இவள் கை மெதுவாக எழும். அதற்குள் கேள்வி அடுத்த பெஞ்சுக்குப் போய்விடும். இதையெல்லாம் படபடவென்று கொட்டினேன். என் கணவர் ஒட்டடைக் கம்பைத் தரையில் தட்டி, "நேரமாச்சு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே அருகில் வந்து உட்கார்ந்தாள். அங்கே துறையில் நடந்த ஒரு முன்னோட்டத்தில், ஒரு கேள்விக்கு அவள் பேசாமல் நின்றாளாம். அவளுடைய வழிகாட்டி சங்கடப்பட்டு, தானே பதில் சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு கேட்ட எதற்கும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. உண்மையான நாளிலும் அப்படியே ஆகிவிடுமோ என்பதுதான் அவள் பயம்.

"நா சைலன்ஸ்கி பயப்படனி ஒக்க மனிஷி காவாலி" என்றாள். தன் மௌனத்துக்குப் பயப்படாத ஒரு ஆள் பக்கத்தில் வேண்டுமாம். அதற்கு, உலகத்தில் அதிகம் பயப்படுகிற என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். இவளுக்குத் துணிச்சல் இல்லை என்று யார் சொன்னது?

அதன்பிறகு தினமும் சாயங்காலம் எனக்குத்தான் பயிற்சி. என் கணவர் கேட்பார், அவள் யோசிப்பாள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. மாதக் கடைசியில் ஒருவழியாகத் தேறினேன். ஆனால் விசாவுக்கான தேதி, தேர்வுக்கு அடுத்த வாரத்தில்தான் கிடைத்தது. எவ்வளவு முட்டி மோதியும் முன்னே நகரவில்லை. எனக்கென்று எடுத்து வைத்த பட்டுப்புடவை பீரோவுக்குள் போயிற்று. என் இடத்தில் அவளுடைய தோழி நிற்பதாக முடிவானது. விமான நிலையத்தில் மகள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

தேர்வு அன்று நேரடியாகப் பார்க்க லிங்க் அனுப்பியிருந்தாள். அங்கே மதியம், இங்கே சாயங்காலம். நான் அந்தப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு டிவி முன்னால் போய் நின்றேன். "யார் பாக்கப் போறாங்க, உக்காரேன்" என்றார் அவர். நான் உட்காரவில்லை.

நாலைந்து கேள்விகளை நன்றாகவே கடந்தாள். பிறகு ஒரு வயதான பேராசிரியர், "உங்கள் சொந்த ஊரில் உங்கள் முடிவு பொருந்துமா?" என்று கேட்டார். மகள் தலையைக் குனிந்தாள். மண்டபம் அமைதியானது. அமைதி நீண்டுகொண்டே போனது. எனக்கு அந்தப் பதில் தெரியும். போர்வெல் வற்றிப்போய், தண்ணீர் லாரிக்காரனோடு கோடைதோறும் சண்டை போடுகிறவள் நான்.

"நீ சொல்லிடேன், அவளுக்கா கேக்கப் போவுது?" என்றார் என் கணவர், தாங்கமுடியாமல். நான் புடவை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றேன்.

அவள் நிமிர்ந்தாள். "பொருந்தாது. எங்கள் ஊர் பாறைமேல் இருக்கிறது. தண்ணீர் போனாலும் தரை அமிழாது. அதனால்தான் எங்களுக்கு அதிக ஆபத்து. தண்ணீர் போய்விட்டதை எங்கள் தரை கடைசிவரை எங்களிடம் சொல்லாது" என்றாள், இங்கிலீஷில், நிதானமாக. அந்தப் பேராசிரியர் குனிந்து குறித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் சொல்ல நினைத்தது லாரி வாடகையைப் பற்றி.

சேவகர் வந்து கோலைத் தட்டினார். பேராசிரியர்கள் உள்ளே போய்க் கலந்து பேசிவிட்டு வந்து பட்டம் கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் அவள் திரும்பி வந்தபோது திருச்சியிலிருந்து என் நாத்தனார் வீடியோ காலில் வந்தார். "டாக்டராமே, அப்படி என்னதான் படிச்சா ஒம் பொண்ணு?" என்று என்னைக் கேட்டார். வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். "பக்கத்துலதான் இருக்கா அண்ணி, அவளையே கேளுங்க" என்று போனை அவள் கையில் கொடுத்தேன்.

மகள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பேசவில்லை. "லைன்ல இருக்கியாடி?" என்றார் நாத்தனார். நான் அசையாமல் பக்கத்தில் நின்றேன்.

"இருக்கேன் அத்தை" என்றாள் மகள், தமிழில். "சொல்றேன், இருங்க."