ஆறாவது அம்பு

அத்தானின் முகம் இப்போது எனக்கு மங்கலாகத்தான் நினைவுக்கு வருகிறது. அவருடைய சப்பாத்துகளின் அடிப்பக்கம் மட்டும் தெளிவாக இருக்கிறது. இடது அடியில் குறுக்காக ஒன்பது வரிகள். வலது அடியில் ஏழு; குதிப்பக்கத்து இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. நூறுவரை எண்ணக்கூடிய நேரம் அந்த இரண்டு அடிகளும் என் முகத்துக்கு நேரே இருந்தன. பிறகு மண்ணுக்குள் போய்விட்டன.

அத்தான் என் அக்காவின் கணவர். எழுபதுகளின் நடுப்பகுதியில் மெல்பேர்ணில் அவர்களுடைய வீட்டிலேயே நானும் இருந்தேன். அந்த நகரத்தில் அப்போது எங்களுக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் எட்டு. அத்தான் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளர். எனக்கு ஒரு கட்டடக் கம்பனியில், ஒரு வீட்டுக்கு எத்தனை செங்கல், எத்தனை மூடை சீமெந்து, எத்தனை கதவுப் பிணைச்சல் என்று மதிப்பிட்டு எழுதும் வேலை. வேலையில் பிடித்த பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. படிகளை எண்ணுவேன், தந்திக் கம்பங்களை எண்ணுவேன். "என்ன மச்சான், இண்டைக்கு அக்காவின்ரை கறியிலை எத்தினை கடுகு?" என்று அத்தான் கேட்பார். அக்கா முறைப்பார்.

தொழிற்சாலையில் கூட வேலை செய்த வெள்ளைக்காரர்கள்தான் அவரை முதலில் வேட்டைக்குக் கூட்டிப்போனார்கள். நகரத்துக்குக் கிழக்கே உள்ள மலைக்காடுகளில் மரைமான்கள் உண்டு. யாரோ பழைய காலத்துத் துரைமார் எங்கள் பக்கத்துக் காடுகளிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்டவை. "எங்கடை ஊர் மரை எங்களுக்கு முந்தியே இஞ்சை குடியேறியிட்டுது, ஒருத்தரும் அதிட்டைப் படிவம் கேக்கேல்லை" என்பார் அத்தான். மற்றவர்கள் துவக்கு வைத்திருந்தார்கள். இவர் வில் வாங்கினார். காரணம் கேட்டதற்கு, "என்ரை நிறத்திலை ஒருத்தன் துவக்கோடை றோட்டிலை நிண்டா பொலிஸ் வரும். வில்லோடை நிண்டா நாலு பேர் சிரிச்சுப்போட்டுப் போவினம்" என்றார். அதில் பகிடி பாதிதான்.

கோடை வந்ததும் மரைகள் ஆழமான பள்ளத்தாக்குகளுக்குள் போய்விடும். எங்களுக்கு அத்துடன் பருவம் முடிந்தது. ஆனால் கை சும்மா இருந்தால் இறுகிப்போகும் என்று, அந்த மாதங்களில் அத்தான் ஒரு பண்ணைக்காரரின் நிலத்தில் முயலுக்கும் வொம்பட்டுக்கும் போவார். வொம்பட் ஒரு சிறு பன்றியளவு பருமன்; கட்டைக் கால், தடித்த பிட்டம், பகல் முழுக்க வளைக்குள் கிடக்கும். இன்று அதைத் தொட்டால் சட்டம் பாயும். என் பேரப்பிள்ளைகள் அதன் பஞ்சுப் பொம்மையைக் கட்டிப்பிடித்துத் தூங்கினார்கள். அந்தப் பகுதியில் அன்று அது வேலியை உடைக்கும் பீடை. சுட்டாலும் கொன்றாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

நான் ஒருநாளும் வில்லைத் தொட்டதில்லை. என் வேலை சாக்கைச் சுமப்பதும் அம்புகளை எண்ணுவதும். அத்தான் ஆறு அம்புதான் கொண்டுபோவார். காரைவிட்டு இறங்கும்போது ஒருமுறை, ஒவ்வொரு இடத்தைவிட்டு நகரும்போதும் ஒருமுறை நான் எண்ணிச் சொல்லவேண்டும். ஓர் அம்பு குறைந்தால், அது எங்கோ ஒரு மிருகத்தின் உடம்பில் இருக்கிறது என்று அர்த்தம். தேடாமல் போகக்கூடாது. "கொல்லுறது ஒரு பாவம். குத்திப்போட்டு விட்டிட்டு வாறது ரண்டு பாவம்" என்பார். சைவ சமயக் குடும்பத்தில் பிறந்து, வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டும் உண்ட மனிதர். அந்த எண்ணிக்கை ஒன்றினால்தான் தன் வேட்டையை அவர் தனக்குள் சமாளித்து வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

அங்கே கோடையான மாசி மாதத்து ஒரு காலை. மூன்று நாட்களுக்கு முன் பெய்த கோடை மழையில் ஓடைக்கரை மணல் இன்னும் ஈரமாக இருந்தது. வெளிச்சம் வந்த கையோடு அத்தான் ஒரு முயலுக்கு விட்டார். தவறி, அம்பு புதிய மாட்டுச் சாணத்தில் போய்ச் செருகிக்கொண்டது. நான் போய் எடுத்தேன். அப்படியே வைத்தால் அம்புகளின் தோல் உறை நாறிவிடும், ஓடையில் கழுவிக்கொள்ளலாம் என்று அதைச் சாக்கில் சுற்றினேன். தவறிய அம்பு கண்முன்னே கிடந்ததால், எண்ணச் சொல்லாமலே அத்தான் முன்னால் நடந்துகொண்டிருந்தார். அவரிடம் சொல்லவில்லை. அதெல்லாம் சொல்லுகிற விஷயமா?

ஓடைக்கரையில் வேர்களுக்குக் கீழே பெரிய வளை ஒன்று இருந்தது. வாயிலிருந்து நான்கு அடி தள்ளி ஒரு வொம்பட் புல் மேய்ந்துகொண்டு நின்றது. அத்தான் வில்லை வளைத்தார். நாண் அதிர்ந்தது, மண் தெறித்தது, மிருகம் வளைக்குள் பாய்ந்து மறைந்தது. பன்னிரண்டு எட்டுத் தள்ளிப் பன்னச் செடிகளுக்குள் அம்பைக் கண்டெடுத்தேன். ஒரு சொட்டு இரத்தம் இல்லை.

"தப்பியிட்டுது, கள்ளப்பயல்" என்று அத்தான் சிரித்தார். "சரி, எண்ணு பாப்பம்."

உறையில் நான்கு. கையில் ஒன்று. மறுபடியும் எண்ணினேன்.

"அஞ்சுதான் கிடக்கு, அத்தான்."

"அஞ்சோ? நான் ஒண்டெல்லே விட்டனான்."

"ரண்டு விட்டிருப்பியள். கணக்கு அஞ்சுதான் வருது."

ஓர் அம்பு போன கையோடு அடுத்ததைத் தொடுத்துவிடுகிற பழக்கம் அவருக்கு இருந்தது. தன் வலது கை விரல்களைத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அந்த விரல்களுக்குத் தெரியும், ஒன்றுதான் விட்டோம் என்று. "விட்டிருப்பன்" என்றார். "கை சில நேரம் தன்ரைபாட்டிலை விடும். நீ எண்ணினா சரியாத்தான் இருக்கும்."

நான் மறந்தேபோன சாக்கு என் தோளில்தான் இருந்தது.

மேற்சட்டையைக் கழற்றி, ரோர்ச் விளக்கையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு வளைக்கு முன்னால் படுத்தார். மெலிந்த மனிதர், தோள் உள்ளே போனது. "அது உள்ளுக்கை செத்திருக்கும் அத்தான், வாங்கோ" என்றேன்.

"சாகாமல் கிடந்தா?"

"உள்ளுக்கை போறவையைப் பின்பக்கத்தாலை கூரையோடை வைச்சு நசுக்குமாம்."

"உன்ரை அக்காவைவிடவோ?" என்றார். பிறகு, "காலைப் பிடிச்சுக்கொள். இழு எண்டா இழு."

நான் கேட்ட அவருடைய கடைசிச் சொற்கள் அவை. நான் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டேன். அவர் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேற, சப்பாத்துகள் என் கைகளை விட்டு நழுவின. இழு என்று அவர் சொல்லவில்லை. அரிசி மூடையை நிலத்தில் வைத்தது போல ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். வளைவாய் இருந்த இடத்தில் ஈர மணலும் வேர்களும் இருந்தன.

கையால் தோண்டினேன். தோண்டத் தோண்ட மேலிருந்து சரிந்தது. பண்ணை வீட்டுக்கு ஓடினேன். பண்ணைக்காரரும் இரண்டு மகன்மாரும் மண்வெட்டிகளுடன் வந்தார்கள். நான்கு பேர் தோண்டினோம். போகவர ஓடிய நேரத்தையும் சேர்த்து அத்தானை வெளியே எடுக்க நாற்பத்தைந்து நிமிடங்கள் சென்றன.

அதற்குக் கொஞ்சம் முன்னால், மூச்சு வாங்க நிமிர்ந்தபோது, கரையில் இருபது எட்டு மேலே இன்னொரு துவாரத்திலிருந்து அந்த வொம்பட் வெளியே வந்தது. எங்களைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒரு காயமும் இல்லாமல், அவசரமும் இல்லாமல், ஓடைப்பக்கம் இறங்கிப் போனது. மற்ற மூவரும் குனிந்திருந்தார்கள். நான் மட்டும்தான் கண்டேன்.

அத்தானைக் கரையில் கிடத்தினார்கள். முகத்தை மூட எதுவும் இல்லை; அவர் கழற்றிப் போட்ட சட்டை மண்ணுக்கடியில் போயிருந்தது. பண்ணைக்காரர் என் தோளைக் காட்டினார். நான் சாக்கை எடுத்து விரித்தேன். சாணம் காய்ந்திருந்த அந்த அம்பு அத்தானின் நெஞ்சில் விழுந்தது.

அவர்கள் அதை ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. நான் எடுத்து உறையில் மற்றவற்றோடு வைத்தேன். பொலிஸ்காரர் பிறகு ஒரு வில், ஆறு அம்பு என்று எழுதிக்கொண்டார். ஏன் உள்ளே போனார் என்று கேட்டார். காயம்பட்ட மிருகத்தை அப்படியே விட அவருக்கு மனம் வரவில்லை என்றேன். அவர் பேனாவை நிறுத்தி, நல்ல மனிதர், என்றார்.

அந்த வசனம் என்னை முந்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. எட்டுக் குடும்பங்களும் அதைத்தான் சொல்லி அழுதன. அக்காவுக்கு அப்போது முப்பத்தாறு வயது, மகளுக்கு நான்கு, மகனுக்கு இரண்டு. வாயில்லாச் சீவன் ஒன்று வலியில் கிடக்கக்கூடாதென்று போய்ச் செத்த மனிதர் என்று அவர் பிள்ளைகளுக்குச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருடைய முதுகு நிமிரும். நான் எப்படிச் சொல்வது? முதல் வருடம் முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு பிள்ளைகள் வளரட்டும் என்று நினைத்தேன். எனக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

அக்கா இப்போது சிட்னியில், கிரவீனில், மகளோடு இருக்கிறார். இந்த வருடம் தை மாதம் போயிருந்தேன். பதினான்கு வயதுப் பேத்தி, பள்ளிக்கு எழுதிய கட்டுரையை எனக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினாள். அவள் காணாத தாத்தாவைப் பற்றியது. அக்கா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழுவதும் விளங்காவிட்டாலும், கேட்டுக்கொண்டிருந்தார். பேத்தி விளையாடப் போனதும் நான் சொல்லிவிட்டேன். சாணம், சாக்கு, ஐந்து என்று நான் சொன்னது, வெளியே வந்த மிருகம், எல்லாம்.

அக்கா கதிரையில் பின்னால் சாய்ந்தார்.

"அப்ப அதுக்குக் காயமே இல்லை."

"இல்லை அக்கா."

"நீ அண்டைக்கே கண்டனி."

"ஓம்."

மடியில் இருந்த துவாயை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "பிள்ளையளுக்குச் சொல்லிப்போடாதை" என்றார். பிறகு என்னை நேரே பார்த்து, "உனக்கு இப்ப பாரம் குறைஞ்சிட்டுதோ?" என்று கேட்டார். ஏளனமில்லாமல், சுகம் விசாரிப்பது போலத்தான் கேட்டார். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழும்பினேன்.

சிட்னிக்குக் குடிபோன நாளிலிருந்து அக்கா ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு அழைப்பார். சாப்பிட்டியோ, மருந்து போட்டியோ என்பதற்குமேல் பெரிதாக ஒன்றும் இராது. நான் திரும்பி வந்த பிறகு அவர் அழைக்கவில்லை. இரண்டு முறை நான் அழைத்தேன். இரண்டு முறையும் அக்காவின் மகள்தான் எடுத்தாள். "அம்மா நித்திரை, மாமா" என்றாள், காலை பத்து மணிக்கு.

இன்று பதினோராவது ஞாயிறு. மணி மூன்றேகால்.