அடைப்புக்குறிக்குள் சித்தி

எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். அந்த லட்சணத்தில், தமிழ்ச் சங்க ஆண்டுவிழா நாடகத்துக்கு வசனம் எடுத்துக்கொடுக்க என்னை உட்கார வைத்தார்கள். நாடகத்தை எழுதியவர் சித்தப்பா. சனத்நகர்ப் பட்டறை ஒன்றில் வேலை. நாடகம் என்று வந்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. வீட்டைவிட்டுப் போகும் மனைவியாகச் சித்தி நடித்தாள். அம்மாவும் அப்பாவும் ஆபீஸ் போய்விடுவதால், பள்ளி விட்டதும் நான் அவர்கள் வீட்டில்தான் இருப்பேன்.

முதல் ஒத்திகையிலேயே, "அவள் அழுகிறாள்" என்று உரக்கப் படித்துவிட்டேன். அழ வேண்டிய சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நக்கோ கண்ணு, படிக்க வேணாம். அது பேசறது இல்ல, செய்யறது. அடைப்புக்குறியப் பாத்தா வாய மூடிக்கணும்."

"ஹவ் சித்தி" என்று தலையாட்டினேன்.

கடைசிக் காட்சியில் வசனமே கிடையாது. (விளக்கை அணைக்கிறாள். சாவியை மேஜைமேல் வைக்கிறாள். திரும்பிப் பார்க்காமல் போகிறாள்.) சித்தியோ ஒவ்வொரு தடவையும் வாசலில் திரும்பிப் பார்த்துவிடுவாள். சித்தப்பாவுக்கு வருமே கோபம்!

"போறவ திரும்பிப் பாப்பாளா? இதுகூட வராதா உனக்கு?" என்று எல்லார் எதிரிலும் கத்துவார். திரும்பத் திரும்பப் போகச் சொல்வார். பார்க்கவே பாவமாக இருக்கும். போகப்போகச் சித்தி பதில் பேசுவதையே விட்டுவிட்டாள்.

ஒருநாள் மதியம் பள்ளியிலிருந்து வந்தேன். ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூடி, பட்டப்பகலில் விளக்கு எரிந்தது. நடுக்கூடத்தில் சித்தி நின்றிருந்தாள். கூப்பிட்டேன். நான் அங்கே இல்லாத மாதிரியே நின்றாள். புத்தகப் பையைக் கழற்றாமலே சுவரோரம் ஒதுங்கினேன்.

அவள் விளக்கை அணைத்தாள். அட, ஒத்திகை! அவசரமாக நாடகத் தாளை எடுத்து வரியில் விரல் வைத்தேன். சாவி சத்தமில்லாமல் மேஜைக்கு வந்தது. திரும்பிவிடாதே சித்தி, இந்தத் தடவையாவது திரும்பிவிடாதே. வாசலில் நின்றாள். கழுத்து லேசாக அசைந்தது. கூப்பிடலாம் போலிருந்தது, அடைப்புக்குறி என்று வாயை மூடிக்கொண்டேன். திரும்பாமலே போய்விட்டாள்.

இருட்டுக் கூடத்தில் தனியாகக் கைதட்டினேன். யாரும் உள்ளே வரவில்லை.

சாயங்காலம் சித்தப்பா வந்து விளக்கைப் போட்டார். ஓடிப்போய்ச் சொன்னேன்: "சித்தப்பா, சித்தி இன்னிக்குக் கரெக்டா பண்ணிட்டாங்க! திரும்பியே பாக்கல!"

அவர் மேஜைமேல் இருந்த சாவியை எடுத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். இவ்வளவு நன்றாக வந்த பிறகு எதற்கு அழுகை என்று எனக்குப் புரியவில்லை. தாளைப் புரட்டிப் பார்த்தேன். அவர் அழுகிறார் என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.