இந்திராதேவி நிரப்பிய போத்தல்

நண்டுக் கம்பனியில் பத்து மணித் தேத்தண்ணி உள்ளே வரும்போது அன்ரோனெற் மட்டும் எழுந்து வெளியே போவாள். கையுறையைக் கழற்றி மேசை விளிம்பில் போட்டுவிட்டு, பின்பக்கக் குழாயடியில் தன் நீலப் போத்தலைத் திறப்பாள். மிச்சத் தண்ணீரைக் கொட்டி, உள்ளே அலசி, புதிதாக நிரப்பி, மூடியை இறுக்கி, ஒருமுறை தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பாள். பிறகு வந்து அதை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்காருவாள். கழிப்பறைக்குப் போனாலும் போத்தல் கூடவே போகும்.

"அன்ரோனெற்றின்ர மாப்பிள்ளைக்குக் குளிப்பாட்டு நடக்குது" என்பாள் பக்கத்து வீட்டுப் பெற்றிசியாக்கா, நண்டுக் காலை உடைத்தபடி. மேசை முழுவதும் சிரிக்கும். அன்ரோனெற்றும் கொஞ்சம் சிரிப்பாள். வருடக்கணக்கில் அதே பகிடி, அதே சிரிப்பு.

காரணம் தலைமன்னாரில் எல்லாருக்கும் தெரியும். அல்லது தெரியும் என்று நினைத்தார்கள். அன்ரோனெற் ஒரு காலத்தில் நாட்டுக்காக ஓட இருந்தவள். கூட இருந்த ஒருத்தி எரிச்சலில் அவள் தண்ணீரில் மருந்து கலந்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை எவர் கையாலும் ஒன்றும் வாங்கிக் குடிப்பதில்லை. இதுதான் ஊரின் கதை.

ஓட்டம் அவளுக்குக் கடற்கரையில் வந்தது. தகப்பன் எமிலியானுஸின் வள்ளம் கரை தட்டியதும், ஐஸ் லொறி புறப்பட முன்னம் மறிக்க வேண்டும். லொறி நிற்பது வீதியில், வீதிக்கு வெகுதூரம். ஈர மணலில் வெறுங்காலோடு ஓடி மறிப்பது அன்ரோனெற்றின் வேலை. லொறிக்காரன் அவளைக் கண்டாலே இயந்திரத்தை நிறுத்திவிடுவான். பள்ளிக்கூடப் போட்டியில் சப்பாத்துப் போட்டு ஓடச் சொன்னபோது காலில் கல் கட்டியதுபோல இருந்தது. அப்படியும் முதலாவதாக வந்தாள். பிறகு மாவட்டம், மாகாணம், கடைசியில் கொழும்பு. பத்தாயிரம் மீற்றரில் நாட்டிலேயே இரண்டாவதாக வந்த அன்று எமிலியானுஸ் கடலுக்குப் போகவில்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு இறங்குதுறையில் சும்மா நின்றார்.

கொழும்புக்கு அப்பால் இருந்த பயிற்சி முகாமில் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டே பேர். மற்றவள் இந்திராதேவி. முருங்கன் பக்கத்து வயல் கிராமம், ஐயாயிரம் மீற்றர். அன்ரோனெற்றைவிட வயதில் இளையவள், அறையையும் பகிர்ந்தவள். விடியலில் முதலில் எழும்புகிறவள் அவள்தான். எழும்பியதும் இரண்டு பேருடைய போத்தலையும் வடிகட்டிய தண்ணீரால் நிரப்பிக் கட்டில் தலைமாட்டில் வைப்பாள்.

"அக்கா உவர்த்தண்ணி குடிச்சு வளந்த ஆள். நல்ல தண்ணியைக் கண்டால் விடமாட்டா."

"போடி. நீ சேத்துக்கை வளந்தனி, அதுதான் காலைத் தூக்கத் தெரியேல்லை உனக்கு."

அந்த வருடம் வெளிநாட்டுப் போட்டிக்கு அணி எடுக்க இருந்தார்கள். அன்ரோனெற்றின் நேரம் கொஞ்சம் போதாமல் இருந்தது. எவ்வளவு ஓடினாலும் அந்தக் கொஞ்சம் அப்படியே நின்றது. முகாமுக்கு வந்துபோகும் ஒருவன் இருந்தான். எல்லாரும் அவனை 'சேர்' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள், என்ன உத்தியோகத்துச் சேர் என்று ஒருவருக்கும் தெரியாது. அவன் ஒரு நாள் கடதாசியில் மடித்த சின்ன வெள்ளைக் குளிசைகளைக் கொடுத்தான். உடம்பு ஆற உதவும், எல்லாரும் போடுகிறார்கள், போட்டிக்கு முதல் நிறுத்தினால் போதும் என்றான். அது என்னவென்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாமல் அல்ல. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் போட முடியாது. அவ்வளவு தூரம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

இந்திராதேவி குளிக்கப் போகும் நேரத்தில் அன்ரோனெற் ஒன்றைப் போடுவாள். விழுங்கியது இந்திராதேவி நிரப்பி வைத்த தண்ணீரால்தான்.

காலில் ஒரு புதுப் பலம் வந்தது. அந்தக் கொஞ்சமும் போயிற்று. அணியில் பெயரும் வந்தது. அவள் நிறுத்துவதற்குள் சிறுநீரைச் சோதித்தார்கள், மருந்து அகப்பட்டது.

விசாரணையில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர். சிங்களத்தில் கேட்டார்கள், பக்கத்தில் ஒருவர் தமிழில் சொன்னார். நீங்களாக ஏதும் எடுத்தீர்களா? இல்லை. அப்படியென்றால் எப்படி வந்தது? தெரியாது. மூவரில் வயதான பெண் ஒருத்தி, இரக்கப்பட்டோ என்னவோ, பேனையை வைத்துவிட்டுக் கேட்டாள்: "உங்கள் தண்ணீரை யார் நிரப்புவது?"

இந்தக் கேள்வியை அன்ரோனெற் எதிர்பார்த்திருக்கவில்லை.

"இந்திராதேவிதான் நிரப்பித் தாறவ" என்றாள்.

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதுதான் அதில் இருந்த பொல்லாப்பு.

மேசையில் இருந்தவர்கள் அந்தக் கதையை நம்பவில்லை. நான்கு வருடம் ஓடக்கூடாது என்று தடைபோட்டார்கள். ஆனால் முகாமை நடத்தியவர்கள் வில்லங்கம் வேண்டாம் என்று இந்திராதேவியையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள்மேல் குற்றம் எதுவும் சொல்லவில்லை. திரும்பிக் கூப்பிடவும் இல்லை.

பையை அடுக்கும்போது இந்திராதேவி கேட்டாள்: "அக்கா, நான் என்ன கலந்தனான்?"

"நீ கலந்தனி எண்டு நான் சொல்லேல்லை. நிரப்பினனி எண்டுதான் சொன்னனான்."

இந்திராதேவி பையின் வாயை இழுத்து மூடினாள். "ஓம். நிரப்பினனான்தான்." அன்ரோனெற்றின் நீலப் போத்தலைக் கட்டில் தலைமாட்டிலிருந்து எடுத்து, தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, வெறும் போத்தலாக அதே இடத்தில் வைத்தாள்.

தலைமன்னாருக்கு ரயில் திரும்ப ஓடத் தொடங்கிய வருடம் அது. விசாரணைக் கதை அவளுக்கு முன்னமே ஊருக்கு வந்துவிட்டிருந்தது; நிலையத்தில் அரைவாசி ஊர் நின்றது. வீட்டில் தாய் றோசம்மா தேத்தண்ணி ஊற்றப் போக, அவளை முந்திக்கொண்டு பெற்றிசியாக்கா தன் வீட்டிலிருந்து ஒரு கோப்பை கொண்டு வந்தாள். அவளே நீட்டினாள், அவளே சொன்னாள்:

"கூட இருந்த நெல்லுக்காரிக்கு எரிச்சல். இனிமேல் ஒருத்தரின்ர கையாலையும் வாங்கிக் குடியாதை பிள்ளை."

வீடு நிறைய ஆட்கள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். தகப்பன் கதவடியில் நின்றார். இறங்குதுறையில் நின்ற அதே வெள்ளை வேட்டி. அன்ரோனெற் வாயருகே கொண்டுபோன கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

"பாத்தியளே, பிள்ளை எப்பிடிப் பயந்துபோச்சு எண்டு" என்று யாரோ சொன்னார்கள். றோசம்மா அழுதாள்.

கீழே வைத்த அந்தக் கோப்பையைப் பிறகு எடுக்க முடியவில்லை. பயந்தவள் என்றால் நாளைக்கும் பயந்திருக்க வேண்டும். ஞானஸ்நான வீட்டிலும் செத்த வீட்டிலும் பயந்திருக்க வேண்டும். முதலில் ஊர் இரங்கியது. பிறகு அந்த இரக்கம் புளித்தது. இந்தக் கரையில் ஒரு வீட்டுத் தண்ணீரை வேண்டாம் என்பதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, மறப்பதும் இல்லை.

விடத்தல்தீவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. படகு இயந்திரம் திருத்தும் அம்புறோஸ். நல்ல பெடியன், நிதானமான பேச்சு. பேச்செல்லாம் ஒத்துவந்து, அவர்கள் கோவில் திருநாளுக்கு வரச் சொன்னார்கள். ஊரில் வாடகை வான் ஓட்டும் சரிபுதீனின் வண்டியில் போனார்கள். அம்புறோஸின் தாய் கண்ணாடிக் குவளையில் தோடம்பழத் தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். அன்ரோனெற் புன்னகைத்துக்கொண்டே பையிலிருந்து நீலப் போத்தலை எடுத்தாள்.

தாயின் கை நீட்டியபடி நின்றது. "எங்கட கிளாஸ் பிடிக்கேல்லையோ?"

"அப்பிடியில்லை" என்று பதறினாள் றோசம்மா. "அவள் ஒரு இடத்திலையும் குடிக்கிறேல்லை."

"ஒரு இடத்திலையும் எண்டால்? எங்கட இடம் எப்பிடிப்பட்ட இடம் எண்டு நினைச்சியள்?"

அவர்கள் வானில் ஏறும்போது அம்புறோஸ் பின்னால் வந்தான். "உண்மையாப் பயமோ?" என்று மெல்லக் கேட்டான். அவன் கேட்ட விதத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. எது சொன்னாலும் கேட்கிற ஆள்போல நின்றான்.

"ஓம்" என்றாள்.

"என்ர அம்மாவிலையுமோ?"

அவள் ஏறி வான் கதவை இழுத்துச் சாத்தினாள். வான் பிரதான வீதிக்கு வந்தபிறகு சரிபுதீன் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்: "ஒரு முடறு குடிச்சிருக்கலாமே, பிள்ளை."

தகப்பன் செத்துப்போனார். தடையும் முடிந்தது, வா என்று ஒருவரும் கூப்பிடவில்லை. பிறகு றோசம்மாவும் போனாள். தாய் இருந்தவரை ஒருத்தி கையாலாவது அவள் தேத்தண்ணி குடித்தாள். அதன்பிறகு தானே ஊற்றி, தானே ஆற்றி, தானே குடித்தாள். விடியலில் கடற்கரையில் ஓடுவாள். மறிக்க லொறி இல்லை. ஓடிப்போய்த் திரும்பி வருவாள், அவ்வளவுதான்.

சரிபுதீன்தான் ஒரு நாள் தற்செயலாகச் சொன்னார்: "உன்னோடை ஓடின அந்தப் பிள்ளையைக் கண்டனான். கலியாணம் கட்டி ரெண்டு பிள்ளையள். மடுத் திருநாளுக்கு நடந்து போற சனத்துக்கு அவையின்ர ஊரிலை பந்தல் போடுறவை. அவதான் மோர் ஊத்துறா. சைவக்காரர், எண்டாலும் மாதாவுக்கெண்டு ஒரு வருஷமும் விடமாட்டினம்."

அந்த ஆவணியில் கம்பனிப் பெண்களோடு அன்ரோனெற்றும் மடுவுக்கு நடக்கக் கிளம்பினாள். மாதாவிடம் கேட்க அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை. போவது பந்தலுக்கு. ஊர்ப் பெண்கள் எல்லாரும் பார்த்திருக்க, இந்திராதேவி கையால் ஒரு குவளை வாங்கிக் குடிப்பது. அதற்குப் பிறகு, குளிசையை நானாகத்தான் போட்டனான் என்று சொல்வது. குடித்துவிட்டால் சொல்வது தானாக வரும் என்று நினைத்தாள். பாலத்தில் நடக்கும்போதும், உயிலங்குளம் தாண்டும்போதும் அந்த வசனத்தைத்தான் செபம்போல வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கிராமத்துக்கு முன்னால் ஒரு மதகு. மற்றவர்களை முன்னால் போகவிட்டு, போத்தலைத் திறந்து கடைசிச் சொட்டுவரை வாய்க்காலில் ஊற்றினாள். இனித் திரும்ப வழி இல்லை என்று இருந்தது. உண்மையில் இலேசாகவும் இருந்தது.

அரிவி வெட்டிய வயலின் ஓரம், கிடுகுப் பந்தல். "வாங்கோ, வாங்கோ, வெயிலுக்கை நிக்காதேங்கோ" என்ற குரல் தூரத்திலேயே அடையாளம் தெரிந்தது. இந்திராதேவி கொஞ்சம் தடித்திருந்தாள். பெரிய கிடாரத்திலிருந்து அகப்பையால் மொண்டு, குவளை குவளையாக நீட்டிக்கொண்டிருந்தாள். பெற்றிசியாக்கா ஒன்றைக் குடித்து முடித்து இரண்டாவதை வாங்கிவிட்டாள். அடுத்த குவளையை நிரப்பி நிமிர்ந்த இந்திராதேவி, அதை நீட்டாமல் அப்படியே பிடித்தபடி நின்றாள்.

"அன்ரோனெற்றக்கா."

"இந்திரா."

"ஆரடி இது? தெரிஞ்ச ஆளோ?" என்றாள் பெற்றிசியாக்கா.

"முகாமிலை என்னோடை இருந்தவ" என்றாள் அன்ரோனெற்.

பெற்றிசியாக்காவின் குவளை வாயருகே நின்றது. குவளைக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு வேறெங்கோ பார்ப்பதுபோலத் திரும்பி, மோரைப் பந்தல் காலடியில் ஊற்றினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு இன்னொருத்தி. காய்ந்த மண்ணில் மூன்று வெள்ளை வட்டங்கள்.

இந்திராதேவி அவற்றைப் பார்த்தாள். கோபப்படவில்லை. "காலமையிலையிருந்து சனம் குடிக்குது, அக்காமார். ஒருத்தரும் விழேல்லை" என்றாள். பிறகு அன்ரோனெற்றின் பக்கம் திரும்பி, கையிலிருந்த குவளையோடு காத்திருந்தாள். நீட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. ஒரு சொல் வருகிறதா என்று பார்க்கிற காத்திருப்பு அது.

அன்ரோனெற்றின் கை எழுந்தது. இப்போது வாங்கலாம். ஆனால் வாங்கினால், அப்படியென்றால் எங்கள் வீட்டில் ஏன் குடிக்கவில்லை என்று பெற்றிசியாக்கா கேட்பாள். அம்புறோஸின் தாய் கேட்பாள். வேண்டாம் என்று வைத்த ஒவ்வொரு கோப்பையும் வந்து கேட்கும். தண்ணீரில் பயமே இல்லாமல் இத்தனை வருடம் இத்தனை பேரை எதற்கடி அவமதித்தாய் என்று கேட்கும்.

எழுந்த கை போத்தலின் மூடியைப் பிடித்தது.

இந்திராதேவி அதைக் கண்டாள். "சரி அக்கா, உங்களுக்கு வேண்டாம் எண்டு தெரியும்" என்றாள், முகாமில் பேசிய அதே குரலில். "கிணறு அங்கால இருக்கு. வாளி கழுவித்தான் கிடக்கு. நீங்களே அள்ளிக் குடியுங்கோ."

அன்ரோனெற் கிணற்றடிக்குப் போனாள். அள்ளினாள். போத்தலை அலசினாள், நிரப்பினாள், மூடியை இறுக்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். பழக்கம். தண்ணீர் நல்ல இனிப்பாக இருந்தது. திரும்பி வந்தபோது, அவளுக்கென்று நிரப்பிய மோர்க் குவளை மேசை ஓரத்தில் ஒரு தட்டால் மூடிக் கிடந்தது.

"வாறன் இந்திரா."

"போட்டு வாங்கோ அக்கா. திரும்பிப் போகேக்கையும் பந்தல் இருக்கும்."

திரும்பியது சரிபுதீனின் வானில். பந்தலுக்குக் கிட்ட அவர் வேகத்தைக் குறைத்தார். "நிப்பாட்டட்டோ, பிள்ளை?" இந்திராதேவி வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடாரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம். போங்கோ."

பெண்கள் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வயல்கள் முடிந்து உப்பு வெளி தொடங்கும்போது, யன்னல் கண்ணாடிக்கு நேரே அன்ரோனெற் அந்த வசனத்தைச் சத்தமாகவே சொன்னாள். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

அடுத்த ஆவணியில் மடுவுக்கு யார் யார் நடப்பது என்று பெற்றிசியாக்கா மேசையைச் சுற்றிக் கேட்டு வந்தாள்.

"எனக்குக் கால் ஏலாது அக்கா" என்றாள் அன்ரோனெற், போத்தலை எடுத்துக்கொண்டு எழும்பியபடி. அன்று விடியலிலும் அவள் இறங்குதுறைவரை ஓடிவிட்டு வந்திருந்தாள்.

"நல்லது. நீ அந்தப் பந்தல்காரியின்ர முகத்தை ஏன் பாக்கவேணும்" என்றாள் பெற்றிசியாக்கா. மேசையில் எல்லாரும் தலையாட்டினார்கள். தலைமன்னாரில் இந்திராதேவி இன்றைக்கும் தண்ணீரில் கலந்தவள்தான். பின்பக்கக் குழாய் திறந்து, போத்தல் நிரம்பும் சத்தம் உள்ளே கேட்டது.