வரப்பில் காய்ந்த விரிப்பு

போன வாரம் என் மூத்த மகள் சிங்கப்பூரிலிருந்து ஒரு பார்சல் அனுப்பியிருந்தாள். பிரித்துப் பார்த்தால் ஒரு விரிப்பு. கலர் கலராக முக்கோணங்களை வெட்டி இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, அடியில் இன்னொரு துணி கொடுத்துத் தைத்தது. பார்சலோடு போனும் வந்துவிட்டது. "அம்மா, இதுக்குப் பேரு குவில்ட்டிங். சனிக்கிழமை சனிக்கிழமை கிளாஸ் போறேன். மனசுக்கு ரொம்ப அமைதியா இருக்கும்மா. உனக்கு இதெல்லாம் தெரியாது, நேர்ல வரும்போது சொல்லித் தர்றேன்" என்றாள். சரிம்மா என்று வைத்துவிட்டேன். நான் பாடுபட்டுத் தைத்த ஒரு விரிப்பைக் கெடுத்தவளே அவள்தான். அப்போது அவளுக்கு இரண்டு வயது, ஆகவே மன்னித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

விரிப்பை முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. புதுத் துணி என்றால் கஞ்சி வாசனை வர வேண்டாமா? எனக்கு அந்த வாசனை வந்தால் கூடவே யூரியா வாசனையும் வரும். காரணம், எங்கள் ஊர் மாதர் சங்கக் கட்டடத்தில் பாதியை உர மூட்டைக்கு விட்டிருந்தார்கள். மாதர்களுக்கு மீதிப் பாதி. இரண்டு தையல் மிஷின் கொடுத்திருந்தது சர்க்கார். ஒன்றுக்கு ஊசி இல்லை. இன்னொன்று நன்றாகவே இருந்தது, அதனால் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்குப் போய்விட்டது. ஊசியும் நூலும்தான் எங்கள் கைக்கு மிஞ்சியவை.

அங்கே தையல் வகுப்பு எடுத்தவர், சர்க்கார் அனுப்பிய கிராம சேவிகா. குத்தாலத்திலிருந்து சைக்கிளில் வருவார். பொம்பளை சைக்கிள் ஓட்டுவதைப் பார்க்கவே டீக்கடையில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். மேடையில் பெண்ணுரிமை பேசியவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். சேவிகா அம்மா வடக்கே எங்கேயோ பயிற்சிக்குப் போய்க் கற்றுவந்த ஒட்டு விரிப்பை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதுவரை எங்களுக்குத் தெரிந்தது, பழைய புடவை நாலை அடுக்கி ஓரத்தைச் சுற்றித் தைப்பது. புது முறை அப்படி இல்லை. அட்டையில் அளவு வெட்டி, அதை வைத்துத் துணி வெட்டி, முக்கோணமும் முக்கோணமும் சேர்த்துச் சதுரம் ஆக்கி, சதுரங்களைச் சேர்த்து மேல்துணி ஆக்க வேண்டும். பிறகு பஞ்சு, அடித்துணி. நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைத்துப் போக வேண்டும். "முனையோட முனை போய்ச் சேரணும்மா. இங்க ஒரு நூல் தப்புனா ஓரத்துல ஒரு விரல் தப்பும்" என்பார். எனக்கு முதலில் ஒரு கையகலமே தப்பியது. சதுரம் என்று நான் தைத்தது முறுக்கிய முறுக்குபோல இருந்தது.

என் மாமியார் நான் துணியை வெட்டுவதைப் பார்த்தார். வாயில் வெற்றிலை இருந்தது. துப்பிவிட்டு வந்து கேட்டார்: "முழுசா இருக்குற துணிய வெட்டி, வெட்டுனதைத் திரும்பத் தைக்கிறதுக்கு ஒரு கிளாசா?" அத்தையின் கேள்விகளில் பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது. அடுத்த முக்கோணத்தை வெட்டினேன்.

ஆனால் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. விரிப்பை முடித்துக் காட்டி, பார்க்க வரும் அதிகாரி சரி என்றால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் ஒன்றியத்தில் காலியாகப் போகிற தையல் ஆசிரியை வேலை. சேவிகா அம்மா என் காதோடு சொன்னார், "ஒன்னயத்தான் மனசுல வச்சிருக்கேன்" என்று. பூதலூரில் இருக்கும் என் அப்பாவைப் பார்க்கப் போக வேண்டுமென்றால்கூட, ரயிலுக்கு மாமியாரிடம் கை நீட்டி, எதற்கு, ஏன், போன மாசம்தானே போனாய் என்று கேட்கிற கேள்விக்கெல்லாம் நின்று பதில் சொல்ல வேண்டிய காலம் அது. அந்த வேலை எனக்கு வேண்டும். வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அதனால் தைத்தேன். உலை கொதிக்கும் நேரத்தில், மாவு ஆட்டி முடித்த கையோடு, தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டிக் குழந்தையை ஆட்டிக்கொண்டே தைத்தேன். பன்னிரண்டு பேர் சாப்பிடுகிற வீடு. ஒருவர் கை கழுவும்போது இன்னொருவர் இலைக்கு உட்காருவார். அளவு வெட்ட அட்டை கிடைக்கவில்லை. என் கொழுந்தன் சுவரில் மாட்டியிருந்த கட்சிக் காலண்டர் நல்ல தடிமன், அதுவும் முந்தின வருஷத்தது. வெட்டிவிட்டேன். தலைவரின் நெற்றி ஒரு முக்கோணத்தில், தாடை இன்னொன்றில்.

கொழுந்தன் ஆளும் கட்சி. தண்ணீர் கேட்டால்கூட அடுக்குமொழியில்தான் கேட்பார். "அண்ணியாரே, அருந்துதற்கு ஆகாதோ ஒரு குவளை?" என்பார். பானை அவருக்கு இரண்டடி தள்ளி இருக்கும். அன்று முக்கோணங்களைப் பார்த்ததும் அடுக்குமொழி போய்விட்டது. "ஐயையோ, அண்ணி தலைவர வெட்டிப்புட்டாங்க!" என்று வீடே அதிரக் கத்தினார். அட்டையைத் திருப்பித் தருகிறேன் என்றேன். வாங்கிக்கொள்ளவில்லை. தலைவரை வைத்தே மொத்த விரிப்பையும் வெட்டி முடித்தேன். அடித்துணிக்குச் சிவப்புச் சாயம் போட்ட காடாத் துணி. அதுதான் மாயவரத்துக் கடையில் மலிவாகக் கிடைத்தது. சிவப்பு எடுத்ததற்கு வேறு காரணம் கிடையாது. இதைப் பிறகு எத்தனை பேரிடம் சொன்னேன்!

தை மாசம், அறுப்புக் காலம். பொங்கலுக்கு வந்த நாத்தனார் பிள்ளைகளோடு இன்னும் கிளம்பவில்லை. மறுநாள் மத்தியானம் அதிகாரி வருகிறார். விரிப்பில் கடைசி ஓரம் மட்டும் பாக்கி. சாயங்காலம் சமையற்கட்டில் விரித்து அதையும் முடித்தேன். குழந்தையைக் கீழே விட வேறு இடமில்லாமல் விரிப்பின்மேல் உட்காரவைத்துவிட்டு ரசத்தை இறக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்ப்பதற்குள் ஒன்றுக்குப் போய்விட்டாள். நட்டநடுவில், எனக்கு முதன்முதலாக முனையோடு முனை சேர்ந்த சதுரத்தில்.

வாய்க்காலில் அலசிக்கொண்டு வந்தேன். வாசலில் போடப் போனால் அத்தை மறித்தார். "நெல்லு காயுற வாசல்ல மூத்திரத் துணியக் கொண்டாந்து போடுவியா? அந்தாண்ட கொண்டு போ." கொல்லைப் படலைத் தாண்டி, எங்கள் வயல் மூலையில், மாடு இறங்காமலிருக்க ஒரு மூங்கில் கழி நட்டிருந்தது. அதில் மாட்டி இரண்டு முடிச்சுப் போட்டேன். மேல்துணி வெயில் படக்கூடாது, சாயம் வெளுக்கும் என்பது சேவிகா அம்மா பாடம். அதனால் சிவப்புப் பக்கம் வெளியே. காலையில் எழுந்ததும் எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். காலையில் எழுந்ததும் பன்னிரண்டு பேரோடு நாத்தனார் கூட்டத்துக்கும் சேர்த்து இட்லி.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் கூலித் தகராறு இருக்கிற வயலின் வரப்பில் சிவப்புக் கொடி ஏறிவிட்டால், அதில் ஒருவரும் அரிவாளோடு இறங்க மாட்டார்கள். நட்டவர்கள்தான் பேசி முடித்து எடுக்க வேண்டும். நிலத்துக்காரர் கை வைத்தால் அடிதடி, வழக்கு, சில ஊர்களில் அதற்கு மேலும். கிழக்கே கூலி கேட்டவர்களுக்கு நடந்த கொடுமைகளைக் கேள்விப்பட்டவர்களுக்கு அது விளையாட்டு இல்லை. எங்கள் ஊரிலும் கூலி நெல்லை ஏற்றித் தரச் சொல்லி ஒரு வாரமாகப் புகைந்துகொண்டிருந்தது.

விடியற்காலைப் பனியில் அறுப்புக்கு வந்தவர்கள் சிவப்பைப் பார்த்தார்கள். ரோட்டிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களுடைய விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு மாணிக்கம் என்ற இளந்தாரிதான் பொறுப்பு. அவன் நடவில்லை. ஆனால் தனக்குத் தெரியாமல் தன் ஊரில் கொடி ஏறியது என்று சொல்ல வாய் வருமா? "மேலேருந்து முடிவாயிருக்கு" என்று சொல்லிவிட்டான். என் மாமனார் வெளியே வந்து பார்த்தார். "நட்டுட்டானுவளா!" என்றார். பல் விளக்கிய வாயைக்கூடக் கொப்பளிக்காமல் போலீசுக்கு ஆள் அனுப்பினார். கொழுந்தனுக்குக் கூட்டத்தைக் கண்டதும் பேச்சு வந்துவிட்டது. "உழைப்பவன் உரிமையும் உழுபவன் பெருமையும்" என்று தொடங்கினார். எந்தப் பக்கம் பேசினார் என்பது கடைசிவரை யாருக்கும் புரியவில்லை.

நான் கொல்லையில் வந்து பார்த்தேன். அரிவாளோடு ஐம்பது அறுபது பேர், இரண்டு போலீஸ்காரர்கள், நடுவில் என் விரிப்பு. என் வீட்டுக்காரரைத் தேடிப் பிடித்தேன்.

"ஏங்க, அது கொடி இல்லங்க. என்னோட விரிப்பு. பாப்பா நேத்து நனைச்சது."

அவர் எட்டிப் பார்த்தார். தெரிந்துவிட்டது அவருக்கு. "சும்மா இரு. அப்பா போலீசுக்குச் சொல்லியனுப்பிட்டாரு. இப்பப் போயி மூத்திரத் துணின்னா அவரு மூஞ்சிய எங்க வச்சுக்குவாரு?"

"மத்தியானம் அதிகாரி வர்றாருங்க. எனக்கு வேலை போயிடும்."

"இல்லாத வேலை எப்புடிடி போவும்?" என்று கேட்டுவிட்டு மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போய்விட்டார். அந்த வார்த்தைக்கு அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் படத்துக்கு மாலை போடுகிற அன்றும் மன்னிப்பதில்லை.

பொழுது ஏறியது. பொறுக்கமுடியாமல் வாய்க்கால் கரையோடு போய் மாணிக்கத்தைக் கூப்பிட்டேன். சின்னம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் சங்கத்தில் சேர்ந்தபிறகு அக்கா என்பான். எனக்கு அது பிடித்திருந்தது.

"தெரியுங்க்கா. பனி விலகுனதுமே பாத்துட்டேன். தையல் தெரியுது" என்றான் தலையைக் குனிந்துகொண்டு.

"தெரிஞ்சா அவுத்துக் குடேன்!"

"பேச்சுவார்த்தைக்கு வர்றேன்னு உங்க மாமனாரே ஒத்துக்கிட்டாருக்கா. கொடிய எறக்குனா எங்க சனம் என்னய விடுமா? செத்த பொறுங்க."

ஆக, மாணிக்கத்துக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவர் சொல்லி மாமனாருக்கும் தெரிந்துவிட்டது என்பது அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரு குழந்தை நனைத்த துணியின்முன் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தருக்கும் உண்மையைச் சொல்லத் துணிவில்லை. மீசை மட்டும் அத்தனை பேருக்கும் இருந்தது. சரி, நானே எடுக்கிறேன் என்று வரப்பில் இறங்கினேன். போலீஸ்காரர் லத்தியை நீட்டினார். "அம்மா, அதத் தொடக்கூடாது. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை." பின்னால் அத்தையின் குரல், "உள்ள வாடி!" வந்தேன். உலை வைத்தேன். அழுதுகொண்டே வைத்தேன்.

பேச்சு முடிய வெயில் தாழ்ந்துவிட்டது. மாமனார் விட்டுக்கொடுத்தார். கூலி நெல் கொஞ்சம் ஏறியது. நியாயமாக அது ஏற வேண்டியதுதான், அதில் எனக்குக் குறையில்லை. எங்கள் ஊரில் அந்த வருஷம் கூலி ஏறியதற்குக் காரணம் என் மகள்தான் என்று எந்தச் சரித்திரத்திலும் எழுத மாட்டார்கள். கோஷம் போட்டு, கை தட்டி, மாணிக்கம் முடிச்சை அவிழ்த்தான். விரிப்பைச் சிவப்பு வெளியே தெரிய மடித்து, கொல்லைப் படலில் கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனான்.

நான் மாதர் சங்கத்துக்கு ஓடினேன். சேவிகா அம்மா மட்டும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஊருக்குள் கலாட்டா என்று கேள்விப்பட்டு அதிகாரியின் ஜீப் ரோட்டோடு திரும்பிவிட்டதாம். விரிப்பை வாங்கி அந்த வெளிச்சத்தில் முனை முனையாகப் பார்த்தார். "நல்லா சேர்ந்துருக்கும்மா" என்றார். எனக்குக் கிடைத்த சான்றிதழ் அதுதான். வேலைக்குக் கட்சிக்காரர் ஒருவரின் மச்சினி வந்தாள். ஊசியில் நூல் கோக்க அவளுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். சேவிகா அம்மாவை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பிறகு வகுப்பும் இல்லை. விரிப்பில் என் மூன்று பிள்ளைகளும் படுத்து, நனைத்து, கிழித்தார்கள். கடைசியில் கரித்துணியாகி, எந்த நாளில் இல்லாமல் போனதென்றே தெரியவில்லை.

போன மாசம் திருக்கடையூரில் ஒரு அறுபதாம் கல்யாணம். போகும் வழியில் காரை நிறுத்தச் சொல்லி அந்த வயலைப் பார்த்தேன். மாமனாருக்குப் பிறகு கொழுந்தன் பங்குக்குப் போன வயல். வரப்பில்லை, வாய்க்கால் தூர்ந்துவிட்டது. வயல் முழுக்கச் சின்னச் சின்னத் துண்டாக அளந்து வெள்ளைக் கல் நட்டிருக்கிறார்கள். கயிறு கட்டி, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு என்று பிளாஸ்டிக் கொடிகள். ரோட்டோர விளம்பரப் பலகையில் இரண்டு பேர் கும்பிட்டபடி சிரிக்கிறார்கள். ஒருவர் என் கொழுந்தன். பக்கத்தில், தங்கச் சங்கிலியும் தொப்பையுமாக, மாணிக்கம். அன்றைக்கு ஒரு துணிக்கு ஊரே ஒதுங்கி நின்ற ரோட்டில் பஸ்ஸும் காரும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. அவ்வளவு கொடி பறந்தும் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கல் கல்லாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். முழுசா இருக்கிறதை ஏன் வெட்டுகிறாய் என்று அன்றைக்கு என்னைக் கேட்ட அத்தை, பெற்ற பிள்ளையைக் கேட்க இன்று உயிரோடு இல்லை. நானாவது வெட்டியதைத் திரும்பத் தைத்தேன்.