வாங்கில் இருந்து சொன்ன கதை

இதை எழுதுவதா, விடுவதா என்று பல வருடம் தயங்கினேன். எனக்குப் பெரிய படிப்பில்லை. ஊரில் மூன்றாம் வகுப்புவரை படித்த தமிழும், பிறகு கோயில் ஞாயிறு வகுப்பில் பிடித்துக்கொண்ட தமிழும்தான். அதைவிட, இதில் என் குற்றமும் ஒன்று இருக்கிறது. அதை மறைத்து எழுதிவிட்டு முருகனுக்கு முன்னால் எப்படிக் கைகூப்புவது? என் தோழியிடம் கேட்டேன். எழுது, பெயரை மட்டும் போடாதே என்றாள். அதனால் துணிந்தேன்.

கனடாவில் மொன்றியலுக்கு வந்த முதல் வருடம். எனக்கு ஒன்பது வயது. புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு படிப்பிக்கும் வகுப்பில் அந்தத் தோழி என் பக்கத்தில் இருந்தாள். எங்கள் கட்டடத்திலேயே கீழ்மாடி, அரபு பேசும் குடும்பம். தாய்க்குப் பக்கத்து நகரமான லவாலில் ஒரு பேக்கரியில் வேலை. அவளுடைய இரண்டு வயதுத் தம்பியைப் பகலில் என் அம்மாதான் பார்த்துக்கொள்வார்.

அவளால் ஒரு வரி வாசிக்க முடியாது. எழுத்தின்மேல் விரலை வைத்து அழுத்துவாள், தாள் சுருங்கும், சொல் வராது. சனிக்கிழமை அரபு வகுப்பிலும் இதே பாடுதான் என்று அவள் தாய் கையாலும் கண்ணாலும் என் அம்மாவுக்கு விளங்கப்படுத்தி அழுதிருக்கிறார். வகுப்புப் பெடியள் அவளுக்கு 'மீன்' என்று பட்டம் வைத்தார்கள். வாய் திறக்குமாம், சத்தம் வராதாம். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

மார்கழியில், பிள்ளைகளின் பேச்சையும் வாசிப்பையும் பரிசோதிக்கும் பெண்மணி ஒருவர் வந்தார். அரபில் கேள்வி கேட்பதற்கென்று இன்னொரு பெண்மணியும் கூட வந்தார். சரிவராவிட்டால் விடுமுறை முடிந்ததும் அவளை வேறு பள்ளிக்கூடத்தில் தனி வகுப்பில் போட்டுவிடுவார்கள். தாய்க்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு துண்டில் சம்மதம் எழுதிக் கொடுத்து அம்மாவை அனுப்பினார். அம்மாவுக்கு 'போன்ஜூர்', 'மெர்சி' தவிர வேறு தெரியாது. ஆகவே மொழிபெயர்க்க நான்.

பரிசோதனை அறைக்கு வெளியே ஒரு நீண்ட மர வாங்கில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம், அம்மா, அம்மாவின் மடியில் தோழியின் தம்பி, நான். கதவு சரியாகச் சாத்தவில்லை. அரபுப் பெண்மணி தாளைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டது காதில் விழுந்தது. வானொலியில் செய்தி வாசிப்பதுபோல இருந்தது. தோழி வீட்டில் நான் கேட்டுப் பழகிய அரபின் ஓசை அதில் இல்லை. அவளிடமிருந்து ஒரு பதிலும் வரவில்லை.

பரிசோதித்தவர் வெளியே வந்தார். இவள் பிரெஞ்சிலும் ஒன்றும் சொல்லவில்லை, சொந்த மொழியிலும் சொல்லவில்லை, இந்தப் பிள்ளைக்கு மொழியே வளரவில்லை என்றார். தோழி பக்கத்தில் நின்று தன் பனிச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"என்ன விசர்க்கதை. வழி முழுக்கத் தம்பியோட கதைச்சுக்கொண்டு வாறவளெல்லே? அதைச் சொல்லு, பிள்ளை."

நான் சொல்லவில்லை. அவ்வளவு பெரியவரை எதிர்த்துக் கதைக்கப் பயம். அம்மா நன்றி சொல்கிறார் என்று பிரெஞ்சில் சொன்னேன். அவரும் சிரித்துத் தலையாட்டினார். அம்மா, தான் சொன்னதற்குத்தான் அவர் தலையாட்டுகிறார் என்று நினைத்துத் தானும் தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி வீரிட்டு அழத் தொடங்கினான். பிஸ்கட் கொடுத்தும், தோளில் போட்டுத் தட்டியும் அடங்கவில்லை. தோழி வாங்கில் உட்கார்ந்து அவனை மடியில் வாங்கிக்கொண்டு மெதுவாக ஏதோ சொல்லத் தொடங்கினாள். கதை. கோழி வந்தது, பிறகு ஓநாய் வந்தது, ஒரு கிழவி வந்து ஏசினாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் யார் பேசுகிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் தெரிந்தது. குரல் மாறியது, கை மாறியது, கண் மாறியது. தம்பி விக்கல் நின்று, இடையிடையே பதில் சொன்னான். அம்மா, "முருகா" என்றார்.

அரபுப் பெண்மணி புறப்படுவதற்காக மேலங்கியில் ஒரு கையை நுழைத்தவர், அப்படியே நின்றுவிட்டார். பிள்ளை என்ன சொல்கிறாள் என்று மற்றவர் கேட்டதற்கு, பொறு என்று விரலைக் காட்டினார். கதை முடியும்வரை அசையவில்லை. கண்ணீர் ஓடியது, துடைக்கவும் இல்லை. பிறகு இருவரும் அறைக்குள் போய் வெகுநேரம் பேசினார்கள்.

அடுத்த கிழமை தாள் இல்லாமல், வீட்டுப் பேச்சில் கேட்டார்கள். அவள் எங்கள் வகுப்பிலேயே இருந்தாள். அவள் சொன்ன கதைகளையே எழுதி அவளுக்கு வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பு உடனே வந்துவிடவில்லை, வருடக்கணக்காயிற்று. இப்போதும் மெதுவாகத்தான் வாசிப்பாள். அரபில் புத்தகத்து மொழி வேறு, வீட்டு மொழி வேறு என்றும், எங்கள் தமிழில் உள்ளதைவிட அந்தத் தூரம் அதிகம் என்றும் அவள்தான் பிற்காலத்தில் எனக்குச் சொன்னாள்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா, "கும்பிட்ட கடவுள் அந்தச் சின்னவன்ர தொண்டைக்குள்ளதான் இருந்திருக்கு" என்றார். எனக்கு வேறு யோசனை. கோழி செத்துப்போய்விட்டதா என்று தோழியைக் கேட்டேன். இல்லை, ஓநாய்தான் அடுப்புக்குள் விழுந்தது, அது சிரிக்கிற கதை என்றாள். அப்படியானால் அந்தப் பெண்மணி ஏன் அழுதார்? இருவரும் பனியில் நின்று யோசித்தோம். அவருக்கு ஓநாயைப் பிடிக்குமாக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டு நடந்தோம்.

இதை வாசிக்கிறவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும், பிள்ளைகளைப் படிப்பிக்கிறவர்களுக்கும் சொல்லுங்கள். அற்புதம் பெரிதாக இருக்கட்டும் என்று ஒன்றையும் கூட்ட வேண்டாம். நான் சொன்ன பொய்யையும் விட்டுவிட வேண்டாம்.